இடது கதவில்தான் கோளாறு

என் மருமகனுக்கு வெளியில் நல்ல பேர். எல்லா வேலையையும் தானே செய்துகொள்வார், ஆளைக் கூப்பிட்டுக் காசை இறைக்க மாட்டார் என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் யாரும் அவரோடு ஒரே வீட்டில் இருந்ததில்லை. நான் இருக்கிறேன். அவர் பழுது பார்த்த குழாயைத் திறக்க இரண்டு கை வேண்டும், மூடுவதற்கு இன்னொரு ஆளின் கையும் வேண்டும். அவர் மாட்டிய மின்விசிறிக்குக் கீழே உட்காருகிறவர்கள் ஒருதரம் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்கள். இதையெல்லாம் மருமகன் முகத்துக்கு நேராகச் சொல்ல முடியுமா? "நல்லா இருக்குங்க மாப்பிள்ளை" என்று ஒரு வார்த்தை அவரிடம். மிச்சம் அத்தனையும் என் மகளிடம்.

அவருக்கு டின் மூடி அடிக்கும் தொழிற்சாலையில் வேலை. மீசை அரும்பிய வயதில் உள்ளே போனவர், மீசை நரைத்த பிறகும் அதே இயந்திரத்தின் பக்கத்திலேயே நிற்கிறார். அதற்கு வலதுபக்கம்தான் நிற்க இடம். எனவே இயந்திரம் எப்போதும் அவருக்கு இடதுகைப் பக்கம். தகரத் தகட்டை உள்ளே தள்ளினால் மேலிருந்து ஓர் இரும்புக் கட்டை விழுந்து வட்டமாக வெட்டும். எழும், மறுபடி விழும். ஒருமுறை அவர் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் நிற்கும்போதே எனக்குப் பல் கூசியது. உள்ளே யாரும் வாயால் பேசுவதில்லை, கையால்தான் பேச்சு. காதில் வைத்துக்கொள்ள முதலாளி ரப்பர் அடைப்பான் கொடுத்திருக்கிறார். நம்மவர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து ஆடுகிற மேஜைக்காலுக்கு அடியில் வைத்தார். மேஜை ஆடவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

இப்படி ஒரு மனிதருக்குக் காது என்ன ஆகும் என்று கணக்குப் போடப் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டியதில்லை. தொலைக்காட்சியை அவர் வைத்தால் அடுத்த தெருவுக்கே செய்தி தெரிந்துவிடும். நாம் ஒன்று கேட்டால் அவர் வேறொன்றுக்குப் பதில் சொல்வார். "என்ன?" என்று திருப்பிக் கேட்டாலாவது மரியாதையாக இருக்கும். அதுவும் கிடையாது. அவர் வைத்திருந்த ஒரே குற்றச்சாட்டு, இந்த வீட்டுப் பெண்கள் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறார்கள் என்பது. என் மகள் முணுமுணுக்கிறாளாம். அவள் பிறந்தபோது அழுத அழுகைக்கே பக்கத்து வீட்டுக்காரி பயந்துபோய் ஓடி வந்தாள்.

போன வருஷம் ஒரு பழைய கார் வாங்கினார். தொழிற்சாலையை விட்டுவிட்டு, எங்கள் தெருப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போய் ஏற்றி வரலாம் என்று திட்டம். நல்ல திட்டம்தான், நானே ஒப்புக்கொண்டேன். மூன்று வீட்டில் சரி என்று சொல்லிவிட்டார்கள். அதில் ஒன்று எதிர்வீட்டுத் தையல்காரி. அவளுக்கு ஒரே பெண் குழந்தை, முன்பல் இரண்டும் விழுந்த வயது. விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் தொடங்குவதாகப் பேச்சு.

அதற்குள் அந்த லாரி வந்தது.

என் மகள் முன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், நான் பின்னால். துணி எடுத்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தோம். இடதுபக்கச் சந்துக்குள் வண்டியைத் திருப்பப் போனார். அதே பக்கமாக ஒரு லாரி ஒட்டிக்கொண்டு வருகிறது, ஹாரனை விடாமல் அடிக்கிறான். எனக்கு எலும்பு வரைக்கும் கேட்கிறது. இவர் பாட்டுக்குத் திருப்புகிறார். என் மகள் அவர் கையைப் பிடித்து இழுக்காமல் இருந்திருந்தால் இதைச் சொல்ல நான் இருந்திருக்க மாட்டேன். லாரிக்காரன் தலையை வெளியே நீட்டிச் சொன்னதையெல்லாம் இங்கே சொல்ல முடியாது. எங்கள் மூன்று பேருடைய பிறப்பையும் அவன் விசாரித்தான். அதற்கு நம் மாப்பிள்ளை சொன்ன பதில், "ஹாரனே அடிக்காம வர்றான் பாரு."

வீட்டுக்கு வந்ததும் என் மகள் பையைக் கீழே வைத்தாள். சத்தம் போடவில்லை. அவர் எதிரே வந்து நின்று, முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"காதை ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க. காட்டற வரைக்கும் வண்டி ஓடும்போது நான் அதுல இருக்க மாட்டேன். அடுத்தவங்க பிள்ளைங்களையும் ஏத்த விட மாட்டேன்."

இது அவருக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. கொஞ்ச நேரம் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், இத்தனை நாளாக அவருக்கே ஒரு சந்தேகம் இருந்ததாம். வண்டியில் பாட்டு போட்டால் இடதுபக்கம் அமுங்கிக் கேட்கிறதாம். வண்டியோடு வந்த ஸ்பீக்கர் மட்டமான சரக்காம். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் மண்டைக்குள் எல்லாம் மந்தமாகிவிட்டதாம். நல்ல ஸ்பீக்கராகப் பார்த்து மாற்றிவிட்டால் சரியாகிவிடுமாம்.

லாரி ஹாரனுக்கும் கார் ஸ்பீக்கருக்கும் என்ன உறவு, சொல்லுங்கள். லாரிக்காரன் இவர் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டா ஹாரன் அடித்தான்? வீறாப்பு என்று ஒன்று தலைக்குள் புகுந்துவிட்டால் அதற்குப் பிறகு அங்கே வேறு எதற்கும் இடம் இருப்பதில்லை. காதைக் காட்டச் சொன்னால் கதவைக் கழற்றுகிறேன் என்கிற மனிதரிடம் என்ன பேசுவது?

கடையில் போய் ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கி வந்தார். கடைக்காரர் மாட்டித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். இவருக்கு அது அவமானம். நாலு ஸ்க்ரூ கழற்ற நாலு படிப்பா வேண்டும் என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார். வண்டியை வீட்டு வாசலில் நிழலாகப் பார்த்து நிறுத்தி, கைபேசியை வண்டி மூக்கின்மேல் சாய்த்து வைத்து, அதில் ஒரு பையன் பேசுகிற படத்தைப் போட்டார். நகத்தில் அழுக்கில்லாத பையன். அவன் கதவின் உள்பக்க அட்டையை இழுத்தால் பலகாரம் மாதிரி கழன்று வருகிறது. இவர் இழுத்தால் வரவில்லை. கைப்பிடிக் குழிக்குள் ஒரு சின்ன மூடி இருக்கிறது, அதற்குள் ஒரு ஸ்க்ரூ இருக்கிறது, முதலில் அதைக் கழற்றவேண்டும் என்று அந்தப் பையன் கத்திக்கொண்டே இருக்கிறான். எதிர்வீடு வரைக்கும் கேட்கிறது. பக்கத்திலேயே நிற்கிற இவருக்குக் கேட்கவில்லை. காலை வண்டியில் உதைத்துக்கொண்டு ஓர் இழுப்பு இழுத்தார். அட்டை மூலையில் விரிசல் விட்டது. ஓரத்தில் இருந்த பிளாஸ்டிக் கிளிப்புகள் வெடித்துப் பறந்தன. ஒன்று சாக்கடையில் விழுந்தது. வேறொன்று என் மடியில் விழுந்தது.

உள்ளே கதவுத் தகரத்தின்மேல் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. மழைத்தண்ணீர் உள்ளே வராமல் இருக்க வைத்த தாள். இது எதற்கு வீணாக என்று பிய்த்துப் போட்டார். அடுத்த மழைக்கு இருக்கையின் கால் எல்லாம் ஈரம். வண்டிக்குள் ஊறப்போட்ட துணி வாடை. பழைய ஸ்பீக்கரை இறுக்கியிருந்த ஆணிகளைத் துளை போட்டு எடுத்துவிட்டுப் புதிதை மாட்டினார். அதன் பின்பக்கம் தடிமனாக இருக்கும் என்று பார்க்கவில்லை. கண்ணாடியை இறக்கினால் பாதியில் போய் 'டக்' என்று அதன் முதுகில் இடித்து நின்றது. மறுபடி கழற்றி, அடியில் ஒரு பலகை வளையம் வெட்டிக் கொடுத்து, மறுபடி மாட்டி. இப்படியே ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. கதவை மூடினால் உடைந்த கிளிப் இருந்த இடத்தில் அட்டை கடகட என்று ஆடியது. அதுவும் அவருக்குக் கேட்கவில்லை. ஒரு வகையில் கொடுத்துவைத்தவர்.

இரண்டு கதவும் மாட்டி முடித்துப் பாட்டைப் போட்டார். ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். வலதுபக்கம் பிரமாதம் என்றார். பிறகு முகம் சுருங்கியது. இடதுபக்கம் வரவில்லையாம்.

நான் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறேன், இடதுபக்கக் கதவுக்கு நேரே. அந்தக் கதவிலிருந்து வந்த சத்தத்தில் என் மூக்குக் கண்ணாடி நடுங்கியது.

தொழிற்சாலையில் இவர்களுக்கு ஒரு வேலைமுறை உண்டு. கோளாறு எந்தச் சாமானில் என்று தெரியாவிட்டால், இந்தப் பக்கத்துச் சாமானைக் கழற்றி அந்தப் பக்கம் போட்டுப் பார்ப்பார்கள். சாமானோடு கோளாறும் இடம் மாறினால் அந்தச் சாமான்தான் கெட்டது. மாறாமல் அங்கேயே இருந்தால் கோளாறு வேறு எங்கோ. நல்ல முறைதான், குறை சொல்ல முடியாது. அதன்படி இரண்டு ஸ்பீக்கரையும் கழற்றி இடம் மாற்றி மாட்டினார். இடதுபக்கம் வரவில்லை. அப்படியானால் ஒயர் என்றார். மிதியடிக்குக் கீழே புது ஒயர் இழுத்தார். இடதுபக்கம் வரவில்லை. அப்படியானால் பாட்டுப் பெட்டியே கெட்டிருக்கிறது என்று அதை வெளியே இழுத்து, பின்னால் வலதுக்கு இருந்த ஒயரை இடதுக்கும், இடதுக்கு இருந்ததை வலதுக்கும் மாற்றிக் கொடுத்தார். அப்போதும் வலதுபக்கம் பிரமாதம், இடதுபக்கம் வரவில்லை. இதற்குள் வண்டி அறுவை சிகிச்சைக்குப் படுத்த ஆள் மாதிரி கிடந்தது, வயிறு திறந்து, குடல் வெளியே தொங்க.

மாலை நேரத்தில் வேலையிலிருந்து வருவார், சட்டையைக்கூட மாற்றாமல் வண்டிக்குள் போய்விடுவார். பாட்டு அலறும். தெருவில் போகிறவர்கள் காதைப் பொத்திக்கொண்டு போவார்கள். கேட்டால் விளக்கம் வேறு சொல்வார். பேஸ், டிரெபிள் என்று என்னிடம் வந்து சொன்னார். எனக்கு எழுத்தே தெரியாது, என்னிடம் வந்து அளக்கிறார். தெரிந்தவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரியும் போலிருக்கிறது.

ஒருநாள் தையல்காரி வந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்க, பாதி தைத்த கைத்துணியோடு வந்து நின்று, கொஞ்சம் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கையாலும் காட்டிக் கேட்டாள். இவர் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"இடது பக்கம் இன்னும் வரவே இல்லம்மா. வந்துட்டா குறைச்சிடறேன்."

அவள் இடதுபக்கக் கதவின்மேல்தான் கை வைத்துக்கொண்டு நின்றாள். அந்தத் தகரம் அதிர்வது அவள் விரலில் தெரிந்தது. கையை எடுத்துக்கொண்டாள். என் பக்கத்தில் வந்து படியில் உட்கார்ந்தாள்.

"பெரியம்மா, பள்ளிக்கூடம் திறக்கப்போகுது. நான் என் பிள்ளையை அண்ணனோட அனுப்பட்டுமா, வேண்டாமா? நீங்க பெரியவங்க, நீங்களே சொல்லுங்க."

என்ன சொல்வது? அனுப்பு என்றால் அந்தக் குழந்தையை யார் ஏற்றிக்கொண்டு போகிறார் என்று எனக்குத் தெரியும். அனுப்பாதே என்றால் மாமியாரே மருமகன் பிழைப்பில் மண் போட்டாள் என்று ஆகும். உள்ளேயிருந்து என் மகள் வந்து நின்றதை அப்போதுதான் பார்த்தேன். அவள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அவள் காது அவளுடைய அப்பா காது, ஊசி விழுந்தால் கேட்கும்.

தையல்காரியை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு அவள் நேராக வண்டிக்குப் போனாள். இடதுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. சபதம் போட்டவள் தானாக வந்து ஏறிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

"வண்டி நிக்குது, அதான் ஏறினேன்" என்று அவர் முகத்துக்கு நேரே உரக்கச் சொன்னாள். பிறகு, தனக்கு இந்தப் பக்கம் நன்றாகவே கேட்கிறது என்றாள். ஸ்பீக்கரைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று அவர் ஆரம்பித்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஸ்பீக்கரை மாத்திப் பாத்தீங்க, ஒயரை மாத்திப் பாத்தீங்க, பெட்டியை மாத்திப் பாத்தீங்க. உங்களை மாத்திப் பாக்கலையே."

அவருக்குப் புரியவில்லை. அவள் புரிய வைத்தாள். இருக்கையில் மண்டி போட்டு, பின்கண்ணாடியைப் பார்த்துத் திரும்பி உட்காருங்கள் என்றாள். இது என்ன விளையாட்டு என்று முறைத்தார். ஆனால் வேலைமுறை அவருடைய வேலைமுறை. மாற்றிப் பார்க்காமல் ஒரு சாமானை நல்லது என்று சொல்ல அவருக்கே மனம் வராது. முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்க, தலை கூரையில் இடிக்க, இருக்கையின் சாய்மானத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திரும்பி மண்டியிட்டார். தெருவே பார்த்தது. ஒரு வளர்ந்த ஆண்பிள்ளை தன் வண்டிக்குள் அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். முதலில் கெட்டிருந்த கதவு இப்போது பிரமாதமாகக் கேட்டது. பிரமாதமாக இருந்த கதவு இப்போது வரவில்லை.

கோளாறு இடம் மாறிவிட்டது. அவரோடு சேர்ந்து மாறிவிட்டது.

அவர் அந்த மண்டியிலேயே இருந்தார். பிறகு மெதுவாக வலதுகையைத் தூக்கி, உள்ளங்கையால் வலதுகாதை இறுக்கி மூடினார். என் மகள் பக்கம் முகத்தைத் திருப்பினார். அந்த வண்டியில் அப்போது ஓடிய சத்தத்துக்கு எதிர்வீட்டு ஜன்னல் கம்பி கூடப் பேசியது.

"நிறுத்திட்டியா?" என்று கேட்டார்.

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். அதன் பிறகுதான் கையை நீட்டிப் பாட்டை நிறுத்தினாள். எனக்குச் சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

இதற்கு மேலாவது ஒழுங்காக நடந்துகொண்டார் என்று நினைக்காதீர்கள். டாக்டரிடம் போனார். போய் அவரிடமும் வாதாடினார். சோதனைக்குக் காதில் மாட்டிய கருவி சரியில்லை, அதை இடம் மாற்றி மாட்டிப் பாருங்கள் என்று டாக்டருக்கே வேலை சொல்லிக் கொடுத்தாராம். அவரும் பொறுமைசாலி, மாற்றி மாட்டிக் காட்டியிருக்கிறார். இடதுகாது ஏறக்குறைய போய்விட்டது. இயந்திரத்தின் பக்கத்திலேயே தொடர்ந்து நின்றால் வலதும் அதே வழியில் போகும், ஏற்கெனவே கிளம்பிவிட்டது என்றார் டாக்டர். மூடி அடிக்கிற பிரிவிலிருந்து மூடி எண்ணிப் பெட்டியில் அடுக்குகிற பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். வண்டியில் பிள்ளைகளை ஏற்ற வேண்டும் என்கிற ஆசையை மட்டும் அவரால் விட முடியவில்லை. வலதுகாது இருக்கிறதே, கண் இரண்டும் இருக்கிறதே என்று இரண்டு நாள் வீட்டுக்குள் நடந்தார். என் மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. தான் சொல்லிவிட்டால் அது தன் முடிவாகிவிடும், அவர் முடிவாகாது என்று அவளுக்குத் தெரியும். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன், உரக்கவும் சொல்லியிருப்பேன்.

மூன்றாம் நாள் சட்டை போட்டுக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். பொய் ஏதாவது சொல்லிப் பூசி மெழுகப் போகிறார், வண்டி சரியில்லை, ஒயர் சரியில்லை என்று ஆரம்பிப்பார் என்று நினைத்துத்தான் போனேன். தையல்காரி இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

"எனக்கு இடது காது கேக்காதும்மா. அந்தப் பக்கம் ஒரு வண்டி வந்தா எனக்குத் தெரியாது. உன் பிள்ளையை என்கூட அனுப்பாதே" என்றார்.

அவ்வளவுதான். ஸ்பீக்கர் பேச்சே எடுக்கவில்லை. அவள் அளவு நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். மற்ற இரண்டு வீட்டுக்கும் அவரே போய் அதையே சொன்னார். அந்த இரண்டுக்கும் நான் கூடப் போகவில்லை. போக வேண்டியிருக்கவில்லை.

இப்போது வண்டியை என் மகள் ஓட்டுகிறாள். கற்றுக்கொடுக்கிறேன் என்று இவர் வந்தார். கும்பிடு போட்டு அனுப்பிவிட்டு, காசு கட்டிப் பயிற்சிப் பள்ளியில் கற்றுக்கொண்டாள். முறையாக உரிமம் வாங்கிக்கொண்டுதான் பிள்ளைகளை ஏற்றினாள். காலையில் ஏற்றிக்கொண்டு போகிறாள். மாற்றல் வாங்கிய பிறகு அவருக்குப் பிற்பகலில்தான் வேலை. அதனால் அவரும் கூடப் போகிறார். இடதுபக்க இருக்கையில் உட்காருகிறார். இறங்கிக் கதவைத் திறக்கிறார், ஒவ்வொரு பிள்ளையாகக் கையைப் பிடித்து ஏற்றுகிறார், விரல் வெளியே இருக்கிறதா என்று பார்த்துக் கதவைச் சாத்துகிறார். நன்றாகச் செய்கிறார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் இதுவரை எந்தப் பிள்ளையும் விரலை நசுக்கிக்கொள்ளவில்லை.

அந்த இருக்கையில் உட்கார்ந்தால் நல்ல காது என் மகள் பக்கம் இருக்கிறது. முன்பெல்லாம் அவர் ஓட்டுவார், அவள் இடதுபக்கம் உட்கார்ந்து செத்த காதிடம் பேசிக்கொண்டு வருவாள். இது அவருக்கு முதல்நாளே உறைத்துவிட்டது. திரும்பும் வழியில் நான் பின்னால் இருந்தேன். அவள் வழக்கம்போல் பேசிக்கொண்டே ஓட்டினாள், சாலையைப் பற்றி, அரிசி விலையைப் பற்றி, அவருடைய அக்கா செய்த ஒரு காரியத்தைப் பற்றி. அவர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டுக்கொண்டு வந்தார்.

"இவ்வளவு பேசுவியா நீ?"

"எப்பவும் பேசிக்கிட்டுத்தான் வர்றேன்."

அவர் தன் அக்காவைப் பற்றி அவள் சொன்னதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தார். அரிசி விலைக்கும் பதில் சொன்னார். சாலைக்கும் பதில் சொன்னார். கியர் மாற்றுவது எப்படி என்றும் சொன்னார். என் மகள் பாட்டைப் போட்டாள்.